குழாய் திருத்துபவர் மீது ஏன் இந்தப் பழி?

யாழ்ப்பாணத்தில் குழாய் திருத்துபவர்கள் கொள்ளையடிக்கின்றார்கள் என்ற குற்றச்சாட்டு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றது. விடுமுறைக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, தண்ணீர் வராத குளியலறையைக் கண்டவர்களின் கோபம் அது. ஆனால் அந்தக் கோபம் பாய்வது தவறான ஆள் மீது.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கித் தேங்கிய மழைநீரைத்தான் கிணற்றிலிருந்து இறைக்கின்றோம். அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு சூடேறும்போது கல்லாகப் படிகின்றது. கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒட்டுவதைச் சுரண்டாத வீடு எங்கள் ஊரில் உண்டா? அதே படிவுதான் சுடுநீர்க் கருவியையும் ஷவரின் துளைகளையும் அடைக்கின்றது. கரையோரத்திலும் தீவகத்திலும் உவர்நீர் இரும்பைத் தின்கின்றது.

இது தெரிந்தும் எம்மவர் செய்வது என்ன? குழாயைச் சுவருக்குள் புதைத்து, அதன்மேல் இறக்குமதி ரைல்ஸ் ஒட்டுகின்றனர். முன்னர் வெளிச்சுவரில் ஓடிய குழாய் கசிந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. திருத்துவதும் சிறிய வேலை. இன்று கசிவைத் தேடுவதற்கே சுவரை உடைக்க வேண்டும். உடைந்த ரைல்ஸுக்கு இணை கடையில் கிடைப்பதில்லை. (மாமன் வீட்டில் இருப்பதைவிட ஒரு சாண் உயரமாக ஒட்ட வேண்டும் என்ற போட்டி வேறு!) இந்தச் செலவெல்லாம் அந்த ஏழையின் தலையில் எழுதப்படுகின்றது.

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் ரூபா சற்றுத் தேறியபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பித்தளை வால்வும் பீவீசி மூலப்பொருளும் டொலர் கொடுத்து வாங்குபவை. 2022 மே வரை 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போயினர். கட்டாரில் சம்பளம் பெறக்கூடிய கைகள் இங்கே ஏன் நாட்கூலிக்குக் காத்திருக்க வேண்டும்?

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்ற இழுபறியில் ஆண்டுகள் கரைந்தன. கிளிநொச்சி விவசாயிகளின் அச்சம் நியாயமானது. அதனை வைத்து மேடையேறியவர்களின் அரசியல் அப்படியானதல்ல. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடைபட்ட குழாய்களின் கணக்கை அந்த மேடைக்காரர்களிடம் கேட்கத் துணிவில்லாதவர்கள்தான், சைக்கிளில் வந்து சாவியும் கையுமாக நிற்பவரிடம் 500 ரூபாவுக்குப் பேரம் பேசுகின்றார்கள்.