காற்றுக்கு அஞ்சாத செடிகள்

யோசனை கேட்கிறவர்களிடமெல்லாம், மாடி பால்கனிக்கு ரோஜாவும் பெரணியும் வேண்டாம் என்று சொல்கிறேன். திருவான்மியூரில் கடலைப் பார்த்த எங்கள் நான்காம் மாடியில், வெயிலைவிடக் காற்றே செடிக்குப் பெரிய சோதனை. இலையின் ஈரத்தை உறிஞ்சும்; உப்பையும் கொண்டுவந்து பூசும்.

தடித்த இலையில் நீர் சேமிக்கும் கற்றாழை, கற்பூரவல்லி, பத்துமணிப் பூ, அடிமரத்தில் சேமிக்கும் அடினியம் ஆகியவை இங்கே தாக்குப்பிடிக்கின்றன. காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் வறட்சியிலும் பூக்கும்.

தொட்டியும் முக்கியம். தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி, காய்ந்ததும் எடையிழந்து சாய்ந்துவிடும். செம்மண் கலந்த, அகன்ற மண்தொட்டி எளிதில் அசையாது. அதைக் கைப்பிடிச் சுவர்மேல் வைக்காமல் தரையில் வையுங்கள்; கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

நர்சரிக்காரர்களும் பூவின் அழகை மட்டும் காட்டி விற்கக் கூடாது. "உங்கள் வீட்டில் காற்று எப்படி, வெயில் எவ்வளவு நேரம்?" என்று முதலில் கேட்க வேண்டும்.