அமைதியான நீரை நம்பாதீர்கள்

ஆண்டிறுதி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருகின்றன. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து குவாந்தான், செராத்திங் கடற்கரைக்குக் கிளம்புகிறீர்களா? அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்காதீர்கள். கரையில் குவிந்த நீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. இந்த இழுப்பு நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் பாயக்கூடும். ஒலிம்பிக் வீரரும் திணறுவார். ஆனால், அது உங்களை அடியில் இழுக்காது; கரையிலிருந்து அப்பால் கொண்டுபோகும். சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். உயிர்காப்பாளர் கண்காணிக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். திசைவேகத்தைத் தேர்வுக்காகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாம், விடுமுறைக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கும் ஒதுக்கலாமே!