கயிறு குறையக் குறைய..!

இந்த வாரம் வழக்கமான கேள்வி - பதில் கிடையாது. ஒரே ஒரு கடிதம். அதுக்கு ஒரே ஒரு பதில். ஏன்னு படிச்சாத் தெரியும்.

எழுதினது புதூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தன். கோவில்பட்டியில் காலேஜ், ரெண்டாம் வருஷம். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடலை.

'அண்ணே, செல்லுல ஒரு வீடியோ பார்த்தேன். ஒருத்தன் ஒரே ஒரு பலகை மேல நிக்கான். முன்னாடி ஒரு போட் அவனைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போகுது. அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ஞ்சு சாய்ஞ்சு போறப்ப, வாளியில அள்ளி வீசுன மாதிரி தண்ணி தெறிக்கு. நூறு தடவையாவது பார்த்திருப்பேன். இது என்ன ஆட்டம்? நம்மால ஆட முடியுமா? கிளாஸ்ல கேட்டா, "ஏலே, உங்க ஊர்ல குடிக்கவே தண்ணி லாரில வருது. உனக்குத் தண்ணி மேல ஓடணுமாக்கும்?"னு சிரிக்கானுவ. இன்னொண்ணு... யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு நீச்சல் தெரியாது.'

தம்பி, உன் கேள்வி ரெண்டு. ஆனா, கேள்வியா இல்லாம நீ எழுதின கடைசி வரிதான் எனக்குப் பெரிசாப் பட்டது. வரிசையா வர்றேன்.

இது என்ன ஆட்டம்?

இதுக்குப் பேர் வாட்டர் ஸ்கீயிங். நீ பார்த்தது அதில் 'ஸ்லாலம்' என்கிற பிரிவு. பனிச்சறுக்கில் இருந்து வந்த பேர். வளைஞ்சு வளைஞ்சு போறதுன்னு வெச்சுக்கோயேன்.

இதை ஆரம்பிச்சு வெச்சவன் பெரிய விஞ்ஞானி எல்லாம் இல்லை. உன்னை மாதிரி ஒரு பையன்! அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டின்னு ஒரு ஊர். அங்கே ரால்ஃப் சாமுவேல்சன்னு ஒருத்தர். பனியில சறுக்க முடிஞ்சா தண்ணியில ஏன் முடியாதுன்னு அவருக்கு ஒரு கிறுக்கு. கடையில ரெண்டு பைன் பலகை வாங்கி, அம்மாவோட வெந்நீர்ப் பாத்திரத்தில் நுனியை வேக வெச்சு வளைச்சார். அண்ணன் படகு ஓட்ட, இவர் பின்னாடி தொங்கினார். விழுந்தார். திரும்ப விழுந்தார். 1922 ஜூலை 2-ம் தேதி எழுந்து நின்னுட்டார். அடுத்த நாள் அவருக்கு 19-வது பிறந்த நாள்!

இன்னிக்கு அந்த ஆட்டத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் சட்டம் வந்தாச்சு. ஸ்லாலம் பாதையோட நீளம் 259 மீட்டர். படகு நடுக்கோட்டில் நேரா போகும். அந்தக் கோட்டில் இருந்து 11.5 மீட்டர் தள்ளி, இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணுன்னு மாத்தி மாத்தி ஆறு மிதவைப் பந்துகள். பின்னாடி வர்ற ஆள் ஆறையும் வெளிப்பக்கமாச் சுத்தி வரணும். பெரிய போட்டிகளில் ஆண்களுக்குப் படகு வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. மொத்த ஆட்டமும் 16, 17 செகண்டில் முடிஞ்சிடும். டீக்கடையில மாஸ்டர் ஒரு கிளாஸ் டீ ஆத்துற நேரம்!

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் படகு போறது 41 மீட்டர். அதே நேரத்தில் பின்னாடி இருக்கிறவர் 23 மீட்டர் குறுக்கேயும் போயாகணும். பைதாகரஸ் தாத்தாவைக் கூப்பிட்டா 47 மீட்டர்னு சொல்வார். அதுக்கு இருக்கிற நேரம் ரெண்டரை செகண்ட். ஆக, படகு 58-ல போனா, இழுபடுற ஆள் சராசரியா 66-க்கு மேலே போகணும். திரும்புற இடத்தில் வேகம் குறையும்ல... அதை நடுவில் சேர்த்துப் பிடிக்கணும். அங்கேதான் நீ பார்த்த அந்தத் தண்ணிச் சுவர் எழும்புது.

கயிறுதான் வில்லன்!

இப்போ வர்றதுதான் விஷயமே. முதல் ரவுண்டில் கயிறு 18.25 மீட்டர். ஆறு பந்தையும் சுத்தி வந்துட்டா 'சபாஷ்'னு சொல்லி மெடல் தருவாங்கன்னு நினைக்கிறியா? ம்ஹூம்... கயித்தைக் குறைப்பாங்க! 16 மீட்டர். அதையும் முடிச்சா 14.25. அப்புறம் 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75... கயித்தில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கண்ணி உண்டு. கலர் கலரா இருக்கும். படகுக்காரர் அடுத்த கண்ணியை மாட்டிட்டுக் கிளம்பிடுவார்.

அந்த எண்களை இன்னொரு தடவை பார். பந்து இருக்கிறது 11.5 மீட்டர் தள்ளி. கயிறு 11.25-க்கு வந்தாச்சுன்னா கயிறே பந்தைத் தொடாது. அப்புறம் எப்படிச் சுத்துறது? மிச்சத்தை உடம்பாலதான் எட்டணும். ஒத்தைக் கையால கைப்பிடியைப் பிடிச்சு, தண்ணியோட ஒட்டிப் படுத்த மாதிரி சாய்ஞ்சு, கால்ல இருக்கிற பலகையைப் பந்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போகணும். அமெரிக்காக்காரர் நேட் ஸ்மித் 2013-ல் உலக சாதனை செய்தது 9.75 மீட்டர் கயித்தில். பந்துக்கும் கயிறு முடியுற இடத்துக்கும் நடுவில் ஒண்ணேமுக்கால் மீட்டர் பள்ளம்! அதில் அவர் எடுத்தது எத்தனை பந்து தெரியுமா? ஆறு இல்லை பாஸ்... ரெண்டரை!

அதாவது, உலக சாதனை செஞ்ச அன்னிக்கும் அவர் மூணாவது பந்தில் தோத்துட்டார். இந்த ஆட்டத்தில் ஒரு பந்தைத் தவற விடுற வரைக்கும் ஆடணும். எந்த இடத்தில் தவற விட்டோம்கிறதுதான் ஸ்கோர். ஜெயிச்சவரும் தண்ணியிலதான் முடிப்பார், தோத்தவரும் தண்ணியிலதான் முடிப்பார். ஒருத்தர் கொஞ்சம் பிந்தி விழுந்திருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் இந்தப் பாராவை மட்டும் தனியா வெட்டி வெச்சுக்கலாம்.

என்னென்ன வேணும்?

பலகை: ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கார்பன் இழையில் செஞ்சது. ரெண்டு காலும் ஒரே பலகையில், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மாட்டியிருக்கும். வால் பக்கம் அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு. அதை இம்மி நகர்த்தினாலும் பலகை திரும்புற குணமே மாறிடும்கிறதால, அளந்து அளந்துதான் பொருத்துவாங்க.

படகு: இன்ஜின் உள்ளேயே இருக்கும். கயிறு கட்டுற கம்பம் படகோட நடுவில் இருக்கும். பின்னாடி அலை அதிகம் எழும்பாத மாதிரி அடிப்பாகத்தைச் செதுக்கியிருப்பாங்க. வேகத்தை ஜி.பி.எஸ். கருவி பிடிச்சுக்கும்.

அப்புறம் உயிர்காப்பு ஜாக்கெட், கையுறை. விலை? நல்ல பலகை ஒண்ணே லட்சம் ரூபாயைத் தாண்டும். புதுப் படகு கோடி ரூபாய் சமாசாரம். என்ன தம்பி, இருக்கியா... மயக்கம் போட்டுட்டியா?

நம்மால முடியுமா?

பொய் சொல்ல மாட்டேன். இதை நம்பி டிகிரியை விட்டுடாதே. ஒலிம்பிக்கில் 1972 மியூனிக்கில் காட்சி விளையாட்டா ஒரு தடவை எட்டிப் பார்த்ததோட சரி. ஸ்லாலத்தில் பல முறை உலக சாம்பியனான ரெஜினா ஜாக்கஸே மருந்தாளுநர் வேலையும் பார்த்தவர்தான். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் ஸ்ரீநகர் தால் ஏரியில் நடந்த கேலோ இந்தியா நீர் விளையாட்டு விழாவில் வாட்டர் ஸ்கீயிங் இருந்தது. ஆனா மெடல் இல்லாத காட்சிப் போட்டியாத்தான்.

நம்ம கண்மாயில ஆடலாமான்னு கேட்பே. நீளம் பத்தும். பாதைக்கு 259 மீட்டர், படகு வேகம் எடுக்கவும் நிறுத்தவும் ரெண்டு பக்கமும் இடம்னு பார்த்தா, பெரிய கண்மாய் தாராளமாப் போதும். ஆனா ஐப்பசி, கார்த்திகையில பெஞ்சாத்தான் தண்ணி. பங்குனியில பார்த்தா கரிசல் தரை பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். இருக்கிற கொஞ்ச நாளும் அது வயலுக்கான தண்ணி, மாட்டுக்கான தண்ணி. அதுல கோடி ரூபாய்ப் படகு விட்டா ஊர் சும்மா விடுமா? விடவும் கூடாது.

அதுக்காகக் கதவு எல்லாம் சாத்தியாச்சுன்னு அர்த்தம் இல்லை. கயத்தாறு பக்கம் காத்தாடியைச் சுத்த வைக்குதே ஆடிக் காத்து... அதே காத்துல தூத்துக்குடி கடற்கரையில் கைட் சர்ஃபிங் பண்றாங்க. படகுக்குப் பதிலா பெரிய பட்டம் இழுக்கும், காலடியில் பலகை. வாட்டர் ஸ்கீயிங்குக்கு ஒண்ணு விட்ட தம்பி! 'ஸ்லாலம்'கிற பேர்தான் பிடிச்சிருக்குன்னா, துடுப்புப் படகு ஸ்லாலம் இருக்கு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை மகேஷ்வரில் 2023-ல் கேலோ இந்தியா இளைஞர் போட்டியே நடந்தது. அது ஒலிம்பிக் விளையாட்டும்கூட. தண்ணி சார்ந்த வேலைதான் வேணும்னா, கோவாவில் மத்திய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் படகு ஓட்டவும், உயிர்காக்கவும் பயிற்சி தருது.

'வறண்ட ஊர்ல இருந்தா?'ன்னு சிரிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. கோவில்பட்டிக்கும் ஹாக்கிக்கும் என்ன ஜாதகப் பொருத்தம்? பச்சைப் புல் தரையா இருந்தது இங்கே? கட்டாந்தரையில் ஆடின ஊர்தானே 2022 ஆசியக் கோப்பைக்கு மாரீஸ்வரன் சக்திவேலை அனுப்பிச்சது!

அந்தக் கடைசி வரி...

மேலே சொன்ன எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி, 'நீச்சல் தெரியுமா?'ங்கிறதுதான். தெரியாதுன்னு சொல்ல நீ கூச்சப்பட வேண்டியதே இல்லை. கிராமத்துப் பையன்னா பிறக்கும்போதே நீந்துவான்னு பட்டணத்தில் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நம்ம அப்பா காலத்தில் தோட்டத்துக் கிணத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தள்ளி விட்டாங்க, கத்துக்கிட்டாங்க. இப்போ அந்தக் கிணறெல்லாம் போர்வெல்கிட்ட தோத்துப் போய், கருவேலம் முளைச்சுக் கிடக்கு. குற்றம் உன்னோடது இல்லை. ஆனா, கத்துக்காம விட்டா இழப்பு உன்னோடது.

தண்ணி இல்லாத ஊருக்கு நீச்சல் எதுக்குங்கிறியா? அங்கேதான் ஆபத்தே அதிகம். வருஷத்தில் ரெண்டு மாசம் மட்டும் நிறையுற கண்மாயைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கால் நிக்காது. கரம்பை அள்ளின பள்ளம் எங்கே இருக்குன்னு மேலே இருந்து தெரியாது. அடியில் கரிசல் சகதி காலை விடாது. 2023 டிசம்பர் 17, 18 மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, நம்ம மாவட்டமே மிதந்தது. மீனவர்கள் படகைக் கொண்டாந்து ஜனங்களைக் கரை சேர்த்தாங்க. 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அதனால தம்பி, உன் முதல் ரவுண்டு இதுதான். லீவுல, ஆழம் தெரிஞ்ச இடத்தில், நல்லா நீந்தத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரோட இறங்கு. தனியா வேண்டவே வேண்டாம். லாரி டியூப் இருந்தா இன்னும் நல்லது. நீச்சல்குளம் கிடைச்சா ரொம்ப நல்லது. முதல்ல மிதக்கக் கத்துக்கோ, அப்புறம் நீந்து. கத்துக்கிட்ட ஜோர்ல, யாராவது மூழ்குறதைப் பார்த்து உடனே குதிச்சிடாதே. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. கயிறோ வேட்டியோ வீசு. காலி பிளாஸ்டிக் குடத்தை எறிஞ்சாக்கூடப் போதும், கவிழ்த்துப் பிடிச்சா மிதக்கும். லாரித் தண்ணிக்கு வரிசையில வைக்கிற அதே குடம்தான்!

படகு, பலகை, 18.25 மீட்டர் கயிறு எல்லாம் அப்புறம் வரட்டும். வராமலும் போகட்டும். இந்த மழைக்காலம் கண்மாய் நிறையுறதுக்குள்ள நீ மிதந்தாகணும். மிதந்த அன்னிக்கு ஒரு கார்டு போடு. இந்தத் தடவை உன் பேரோட!