அக்கிக்குக் காவி மட்டும் போதாது



அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. உடலில் எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குக் கொப்புளங்கள் சில வாரங்களில் தானாகவே காய்ந்துவிடும். பெயர் காவிக்குப் போய்விடுகிறது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், கீமோ எடுப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் நிலை அப்படியல்ல. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அக்கியாகக் கிளம்புகிறது. இவர்களுக்கு அது ஒரு பக்கத்தோடு நிற்காமல் உடலெங்கும் பரவலாம். நுரையீரல், மூளை வரை போகலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்டால் பார்வைக்கே ஆபத்து.

அசைக்ளோவிர் போன்ற மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. தாமதமானாலும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். காவி எழுதுகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. "வேற ஏதாவது வியாதிக்கு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று வருபவரிடம் அவர்கள் கேட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலே பலருக்கு நேரத்தோடு சிகிச்சை கிடைக்கும்.

உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை போடவேண்டும். விலையோ ஏழைகளுக்கு எட்டாது. உறுப்பு மாற்று நோயாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்குமாவது, மருத்துவர் பரிந்துரைத்தால், அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகப் போட அரசு முன்வர வேண்டும்.

— ஒரு வாசகர், கும்பகோணம்