பதிவு போடுவது இயந்திரம், பதில் சொல்வது யார்?

மழைக்காலம் தொடங்கினால் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் எல்லார் கண்ணும் சிலாங்கூர் ஆற்றின் மீதுதான். நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை (ஜே.பி.எஸ்.) தன் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் வெளியிட்டு வருகிறது. ஆனால் தோட்டத்துப் பாட்டி பார்ப்பது ஆலயத்தின் முகநூல் பக்கத்தை.

இரண்டையும் இணைப்பது கடினமல்ல. கணினி படித்த இளைஞர் ஒருவர் இருந்தால், ரந்தாவ் பாஞ்சாங் நிலையத்தில் நீர் 'அமாரான்' அளவைத் தொட்டதும் ஆலயப் பக்கத்தில் தமிழில் பதிவு தானாக விழும்படி ஒரு சிறு நிரல் எழுதிவிடலாம். சிக்கல் அனுமதியில் இருக்கிறது.

கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைக்கும் முறையை டுவிட்டர் 2010-இலேயே கைவிட்டது. முகநூலில் தனிநபர் கணக்குகளில் நிரல்வழிப் பதிவிடுவது 2018 ஆகஸ்டில் நின்றது. குழுக்களுக்கான வழி 2024 ஏப்ரலில் அடைபட்டது. மிஞ்சியிருப்பது 'பேஜ்' மட்டுமே. அதற்கு 'டோக்கன்' என்ற சாவி தேவை. நிர்வாகி ஒருவர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து அனுமதி தந்தால் முதலில் ஓரிரு மணி நேரச் சாவி கிடைக்கும். அதை 60 நாள் சாவியாக்கி, அதிலிருந்து பக்கத்துக்கான சாவியைப் பெற வேண்டும். இந்தக் கடைசிச் சாவிக்குக் காலாவதித் தேதி இல்லை. ஆனால் அந்த நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றினாலோ, பக்கத்திலிருந்து நீக்கப்பட்டாலோ அது செல்லாது.

ஆலயத் தேர்தல் முடிந்து பழைய செயலாளரைப் பக்கத்திலிருந்து எடுத்த அன்றே வெள்ள எச்சரிக்கையும் நின்றுவிடும் என்பதுதான் இதன் பொருள். யாருக்கும் தெரியாது. பதிவு வராவிட்டால், ஆறு அமைதியாக இருக்கிறது என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள்?

டெலிகிராமில் வேலை சுலபம். 'பாட்ஃபாதர்' தரும் ஒற்றை வரிச் சாவி போதும். அந்த வரி யார் கையில் கிடைத்தாலும் அவர் ஆலயத்தின் பெயரில் பேசலாம் என்பது வேறு விஷயம். "அண்ணே, இது ஏன் ஓடலை?" என்று முழு நிரலையும் புலனக் குழுவில் ஒட்டுகிறவர்கள், சாவியையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். அப்படி நடந்தால் உடனே பாட்ஃபாதரிடம் பழைய சாவியை ரத்து செய்து புதியது வாங்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ள, 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, ஒரு பதிவில் பக்க உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ யாருடைய பெயர் தெரிகிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. திருடிய சாவியால் யாரோ "அணை உடைந்தது" என்று புரளி கிளப்பினாலும், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நிர்வாகிதான்.

உண்டியல் சாவியைக் கைமாற்றும்போது பல ஆலயங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்தச் சாவி யார் பெயரில் உள்ளது என்பதையும் அதே கூட்டக் குறிப்பில் எழுதலாம். பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் "ஆறு இயல்பு நிலையில்" என்று ஒரு பதிவு தானாக விழும்படி வைத்தால், அது விழாத வெள்ளிக்கிழமை சாவி செத்துவிட்டது என்று பாட்டிக்கே தெரிந்துவிடும்.