பெயரில் என்ன இருக்கிறது?

பெயர் வைப்பது என்றால் நமக்கு எத்தனை யோசனை! குழந்தைக்கு என்றால் நட்சத்திரம், தாத்தா பெயர், கூப்பிட வாகாக இருக்கிறதா என்று பத்து நாள் பேசுவோம். வீட்டுத் தொழிலுக்கு இணையதளம் ஆரம்பிக்கும்போது மட்டும், யாரோ போனில் சொன்ன பெயருக்குச் சட்டென்று தலையாட்டிவிடுகிறோம். அப்படித் தலையாட்டிவிட்டு என் ஓரகத்தி பட்ட பாட்டைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

அவள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். நாலு வருஷமாகச் சத்துமாவு அரைத்து விற்கிறாள். கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய் எல்லாம் அளவோடு வறுத்து மிஷினில் அரைப்பாள். சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்களுக்குக் காலையில் அவசரத்துக்கு அந்தக் கஞ்சிதான் கை கொடுக்கிறது. பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று சுற்று வட்டாரத்திலிருந்தும் கேட்டு வாங்குவார்கள். மகனுடைய சிநேகிதன் ஒரு சின்ன இணையதளம் போட்டுக் கொடுத்திருந்தான். இரண்டே வார்த்தையில் பெயர். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போன் அதன் மூலம் வந்துகொண்டிருந்தது.

போன ஆடியில் நான் அங்கே போயிருந்தபோது முகம் வாடியிருந்தாள்.

"போனே வரமாட்டேங்குதுக்கா. மூணு மாசமா மாவு அப்படியே நிக்குது."

"ஏன்டி, என்ன ஆச்சு?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. யாரோ ஒருவர் போனில் கூப்பிட்டு, "மேடம், உங்க வெப்சைட் பேரே சரியில்ல. ஜனங்க என்ன தேடுறாங்களோ அந்த வார்த்தையெல்லாம் பேர்லயே வந்துடணும். ஒரு மாசத்துல கூகுள்ல முதல் இடம், கேரண்டி" என்றாராம். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 18,000 ரூபாயை இவளும் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

புதுப் பெயரைப் பார்த்தேன். 'பெஸ்ட்', 'சுகர்', 'க்யூர்', 'சத்துமாவு', 'கும்மிடிப்பூண்டி' என்று ஐந்து வார்த்தை, நடுவில் நாலு சின்னக் கோடு! பழைய பெயருக்கு வருஷப் பணம் கட்டாமல் விட்டாயிற்று. உள்ளே பக்கத்தில், "சர்க்கரை நோயைக் குணமாக்கும் சத்துமாவு" என்று அதே வாக்கியம் பதினைந்து தடவை.

பணம் போனதைவிட ஒரு போன் வந்ததுதான் அவளை உலுக்கியிருந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, "அம்மா, உங்க மாவைக் குடிச்சா சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு கை காலெல்லாம் நடுங்கிப் போச்சுக்கா. கேக்காமயே எத்தனை பேர் நிறுத்தினாங்களோ!" என்றாள்.

எனக்கும் வயிற்றைக் கலக்கியது. கேழ்வரகும் மாவுச்சத்துதானே? கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அளவோடு குடிக்கலாமா, எப்போது குடிக்கலாம் என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கே விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சாப்பிடும் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்க உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தராது. இவள் வீட்டு வாசலில் அப்படி ஒரு போர்டு மாட்டுவாளா? மாட்டவே மாட்டாள். கம்ப்யூட்டருக்குள் எழுதினால் மட்டும் அது போர்டு இல்லை என்று ஆகிவிடுமா?

அன்று சாயங்காலமே நானும் அவளும் அவள் மகனுமாக உட்கார்ந்து, இந்தத் தேடுதல் விவகாரம் எப்படித்தான் நடக்கிறது என்று ஆதியிலிருந்து பார்த்தோம்.

கூகுள் ஓயாமல் இணையத்தில் பக்கம் பக்கமாகப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கிறது. சமையல் புத்தகத்தின் கடைசியில் 'ரசம் – பக்கம் 42' என்று அட்டவணை இருக்குமே, அதுபோல. நாம் ஒன்றைத் தேடினால் அந்த அட்டவணையிலிருந்து எடுத்து, எதை முன்னால் காட்டுவது, எதைப் பின்னால் காட்டுவது என்று முடிவு செய்கிறது. 1998-ல் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் கண்ட முக்கியமான வழி ஒன்றுதான்: ஒரு பக்கத்தை மற்ற பக்கங்கள் எத்தனை பேர் சுட்டிக் காட்டுகிறார்கள், சுட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்ப்பது. நல்ல தையற்காரி யார் என்று புது ஊரில் நாம் நாலு பேரைக் கேட்போம் இல்லையா? அதேதான். இன்றைக்கு இன்னும் எத்தனையோ கணக்குகள் அதோடு சேர்ந்திருக்கின்றன.

பெயருக்குள் வார்த்தைகளைத் திணிக்கும் சாமர்த்தியம் ஒரு காலத்தில் பலித்தது உண்மைதான். அதனாலேயே உள்ளே சரக்கில்லாத பக்கங்களெல்லாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வந்தன. 2012 செப்டம்பரில் கூகுள் அப்படிப்பட்டவற்றைக் கீழே இறக்க ஒரு மாறுதல் செய்தது. அதற்கு முன்பே 2009-ல், பக்கத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் 'கீவேர்ட்' பட்டியலை வரிசைப்படுத்தத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்றும் சொல்லிவிட்டது. டொமைன் பெயரில் இருக்கும் சொற்களால் அனேகமாக லாபம் எதுவும் இல்லை என்று அவர்களுடைய வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: முதல் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாதாம். இதைப் படித்துக் காட்டியதும், "பதினெட்டாயிரம் போச்சேக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்படியானால் போன் ஏன் நின்றது? வீடு மாறினால் தபாலாபீஸில் புது விலாசம் எழுதிக் கொடுப்போம். இவள் வீட்டையும் மாற்றி, விலாசமும் கொடுக்காமல் விட்டுவிட்டாள். நாலு வருஷமாக அவள் தளத்தை நம்பித் தங்கள் பக்கங்களில் குறித்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் பழைய பெயரைத்தான் குறித்திருந்தார்கள். அதைத் தட்டினால் ஒன்றுமில்லை. கூகுளுக்கோ புதுப் பெயர் முன்பின் தெரியாத ஆள். போதாக்குறைக்கு உள்ளே ஒரே வாக்கியம் பதினைந்து தடவை. உடம்பு சம்பந்தமான பக்கங்களைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு எடை போடும் என்பதும் சேர்ந்துகொண்டது.

மனிதர்களுக்கும் அந்தப் பெயர் சௌகரியமாக இல்லை. கும்மிடிப்பூண்டியை இங்கிலீஷில் எழுதுவதே ஒரு கூத்து. ரயில்வேக்காரர்கள் 'பூ'வுக்கு ஒரு 'யு' போடுகிறார்கள். சிப்காட்டும் தாலுகாவும் இரண்டு 'ஓ' போடுகிறார்கள். மாவட்டத்தின் பெயரான திருவள்ளூருக்கும் 'டி'க்குப் பின்னால் 'எச்' உண்டு, இல்லை என்று இரண்டு கட்சி. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே வாபஸ் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? சர்க்காருக்கே அந்தத் திண்டாட்டம். நாலு கோடும் இரண்டு 'ஓ'வும் உள்ள பெயரைச் சூளூர்ப்பேட்டையிலிருந்து பேசும் ஒரு அம்மாளுக்குப் போனில் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

தேடும்போது இந்தச் சங்கடம் இல்லை. தெரிந்த ஊர்ப் பெயரை எந்த எழுத்தில் அடித்தாலும் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். விலாசமாக அடிக்கும்போதோ ஒரு எழுத்து பிசகினாலும் வேறு வீட்டுக் கதவுதான். ஆகையால் ஊர்ப் பெயர் பக்கத்துக்குள் இருக்கட்டும், விலாசத்தில் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பிறகு நாங்கள் செய்தவை இவை. உங்களில் யாராவது ஊறுகாயோ, அப்பளமோ, தையலோ தொழிலாகச் செய்தால் உபயோகப்படும்.

1. பழைய பெயரின் கெடு முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. கூடுதல் பணம் கட்டி மீட்டோம். பெயரும் ரகசியச் சொல்லும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

2. புதுப் பெயரைத் தட்டினாலும் பழைய பெயருக்கே போகும்படி, பக்கத்துக்குப் பக்கம், நிரந்தரத் திருப்பிவிடுதல் செய்தான் பையன். குறைந்தது ஒரு வருஷமாவது அதை எடுக்கக்கூடாது.

3. நோய் தீரும் என்ற பேச்சை அடியோடு எடுத்தோம். என்னென்ன தானியம், எப்படி வறுப்பது, எத்தனை நாள் கெடாது, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது என்று அவள் வாயால் சொன்னதை அப்படியே எழுதினோம்.

4. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு. சமையலறை டப்பாவில் 'உளுந்து' என்று ஒட்டினால் உள்ளே உளுந்துதானே இருக்க வேண்டும்? 'கேழ்வரகு சத்துமாவு – கும்மிடிப்பூண்டி' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் வைத்தோம். எல்லையோர ஊர் ஆயிற்றே என்று தெலுங்கிலும் ஒரு பக்கம் எழுதினோம்.

5. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்துகொள்வது இலவசம். அக்கம்பக்கத்தில் தேடுகிறவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். அங்கேயும் உண்மையான கடைப் பெயரைத்தான் போட வேண்டும், விளம்பர வாசகத்தை ஒட்டக்கூடாது.

6. எந்தச் சொல்லைத் தேடி நம்மிடம் வருகிறார்கள் என்று 'சர்ச் கன்ஸோல்' என்ற கூகுளின் இலவச வசதியில் பார்க்கலாம். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

தமிழிலேயே விலாசம் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் முடிவுகளே இருக்கின்றன. எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழில் தட்டத் தெரியாத வாடிக்கைக்காரர்கள் இவளுக்கு நிறையப் பேர். அதனால் கையிருப்பு வந்த பிறகு, இரண்டாவது பெயராக வாங்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

முதல் இடம் வந்ததா என்கிறீர்களா? வரவில்லை. ஐப்பசி முடியும்போது வாரத்துக்கு ஐந்தாறு போன் வர ஆரம்பித்தது. பழைய நிலைமைக்கு இன்னும் போகவில்லை. பதினெட்டாயிரமும் திரும்பவில்லை. வாங்கினவர் இப்போது போனே எடுப்பதில்லையாம்.

அந்தப் பெரியவரை மட்டும் அவளாகவே கூப்பிட்டுப் பேசினாள். "ஐயா, அது தப்பா எழுதினது. மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேக்காம மாவும் குடிக்காதீங்க" என்றாள். "நல்ல வேளை சொன்னே, தாயி. நாளையிலேருந்து நிறுத்தலாம்னு இருந்தேன்" என்றாராம் அவர்.

போனை வைத்துவிட்டு வெகு நேரம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய்க் கேழ்வரகை வறுக்க அடுப்பைப் பற்ற வைத்தாள்.