ஒரு பந்தயக் குடும்பத்தின் எழுச்சியும் தளர்ச்சியும்



வீட்டுக் கொட்டகையில் தந்தை தொடங்கிய தொழில் மகன் காலத்தில் நாடறிந்த நிறுவனமாகிறது. பேரன் காலத்தில் தளர்கிறது. இறுதியில் அயலார் கைக்குப் போய்ச் சேர்கிறது. இத்தகைய வரலாறு எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெவல் கிராஸ் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த ஒன்றை இத்திங்கள் காண்போம். அது ஒரு கார் பந்தயக் குழுவின் கதை. ஆயினும் பந்தயத்தில் நாட்டமில்லாதோரும், குடும்பமாகத் தொழில் செய்வோரும் அறிந்துகொள்ள வேண்டியவை அதில் நிறைய உண்டு. குழுவின் பெயர் பெட்டி என்டர்பிரைசஸ். 'பெட்டி' என்பது அக்குடும்பத்தின் பெயர். நம் வீட்டுப் பணப்பெட்டியோடு அதற்கு உறவில்லை!

கள்ளச்சாராயமும் கார் பந்தயமும்

'ஸ்டாக் கார்' என்றால், பொதுமக்களுக்கு விற்பனைக்கு வரும் சாதாரணக் கார் என்று பொருள். அத்தகைய கார்களையே ஓட்டிப் போட்டியிடுவது இப்பந்தயத்தின் தொடக்க கால விதி. பிற்காலத்தில் வெளித்தோற்றம் மட்டும் கடைக் காரை ஒத்திருக்க, உள்ளே யாவும் பந்தயத்துக்கென்றே கட்டப்படலாயின.

இவ்விளையாட்டின் பிறப்பில் ஒரு கறை உண்டு. அமெரிக்கத் தென்மாநில மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், காவலரிடமிருந்து தப்புவதற்காகத் தங்கள் கார்களை விரைவாக ஓடும்படி திருத்தியமைத்தனர். பந்தயங்களின் தொடக்க காலத்தில் பெயர் பெற்ற ஓட்டுநர் பலர் அத்தொழிலில் பழகியவர்களே. 1948-இல் நாஸ்கார் என்னும் அமைப்பு உருவாயிற்று. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் அது நடத்திய முதல் ஸ்டாக் கார் பந்தயத்தில் முதலாவதாக வந்த கார் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. சாராயம் ஏற்றுவதற்காக அதன் பின்புற வில்கள் மாற்றியமைக்கப்பட்டிருந்தமையே காரணம்.

அதே பந்தயத்தில் லீ பெட்டி என்பவர் இரவல் வாங்கிய ப்யூக் கார் ஒன்றை ஓட்டினார். கார் கவிழ்ந்து உருக்குலைந்தது. பதினொரு வயது மகன் ரிச்சர்ட் அதைக் கண்ணாரக் கண்டான். லீ மனந்தளரவில்லை. கனமான கார் வேகமாகச் சென்றாலும் வளைவுகளில் தடுமாறும் என்பதை உணர்ந்து, விலையும் எடையும் குறைந்த பிளைமவுத் கார் ஒன்றுக்கு மாறினார். அவ்வாண்டு முடிவதற்குள் முதல் வெற்றியும் கிட்டியது.

தந்தைக்கும் மகனுக்கும் ஒரே அளவுகோல்

மண் தரையுடன் கூடிய பழைய கொட்டகையே அவர்களது பணிமனை. லீ ஓட்டுவார். மூத்த மகன் ரிச்சர்டும் இளைய மகன் மோரிஸும் பழுது பார்ப்பார்கள். ஒன்றுவிட்ட சகோதரர் டேல் இன்மன் துணை நிற்பார். வென்ற பணத்தில்தான் வீட்டுச் செலவு. எஞ்சியதில்தான் அடுத்த காருக்கான உதிரிப்பாகம். ஆதலால் காரைச் சேதப்படுத்தாமல் கொண்டுவந்து சேர்ப்பதையே லீ முதற்கடமையாகக் கொண்டார். 1954, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சாம்பியன் பட்டம் அவருக்கே கிடைத்தது.

1959 பிப்ரவரியில், புதிதாகக் கட்டப்பட்ட டேட்டோனா தடத்தில் முதன்முதலாக 500 மைல் பந்தயம் நடைபெற்றது. லீயும் ஜானி போசாம்ப் என்பவரும் ஏறத்தாழ ஒரே நொடியில் எல்லையைக் கடந்தனர். போசாம்ப்பே வென்றார் என்று முதலில் அறிவித்தார்கள். மூன்று நாள்கள் நிழற்படங்களையும் செய்திப் படச்சுருளையும் ஆராய்ந்த பிறகே வெற்றி லீக்குரியது என முடிவாயிற்று.

அதே ஆண்டு ஜூனில் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. ரிச்சர்ட் தன் வாழ்வின் முதல் வெற்றியைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சுற்றுகளைக் கணக்கிட்டதில் பிழை இருப்பதாக ஒருவர் முறையிட்டார். முறையிட்டவர் வேறு யாருமல்லர். பெற்ற தந்தை லீயேதான்! கணக்கு மீண்டும் பார்க்கப்பட்டது. வெற்றி தந்தைக்கு மாற்றப்பட்டது. மகன்தானே, போகட்டும் என்று அவர் விடவில்லை. கடுமையான மனிதர் என்று சிலர் கூறலாம். எனினும், உழைத்துப் பெறாத வெற்றி தன்னுடையதன்று என்னும் பாடத்தை அந்த இளைஞர் வேறெந்தப் பள்ளியிலும் இவ்வளவு ஆழமாகக் கற்றிருக்க முடியாது.

உச்சியில் இருந்த நாள்கள்

1961-இல் டேட்டோனாவில் நேர்ந்த கொடிய விபத்தில் லீ படுகாயமுற்றார். அதன்பின் மிக அரிதாகவே அவர் ஓட்டினார். பொறுப்பு மக்களுக்கு வந்தது. ரிச்சர்ட் ஓட்டுநர், மோரிஸ் எஞ்சின் கட்டுபவர், டேல் இன்மன் குழுவை நடத்துபவர். பிறருக்குக் கூலி கொடுத்தும் பெற முடியாத ஒற்றுமை இவர்களிடம் இயல்பாக அமைந்திருந்தது.

1967-இல் ரிச்சர்ட் கலந்துகொண்ட 48 பந்தயங்களில் 27-ஐ வென்றார். அவற்றுள் பத்து தொடர்ச்சியானவை. மொத்தம் ஏழு முறை சாம்பியன் பட்டமும், ஏழு முறை டேட்டோனா 500 வெற்றியும் அவருக்குக் கிட்டின. மக்கள் அவரை 'கிங்' என்றே அழைத்தனர். நெடுநேரம் நின்று, கேட்டவர்க்கெல்லாம் படிக்கத்தக்க தெளிவான எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் வழக்கம்.

இவ்வுயர்வினிடையே ஒரு துயரமும் உண்டு. 1965-இல் எஞ்சின் விதிகள் பற்றிய பிணக்கால் கிரைஸ்லர் நிறுவனம் பந்தயங்களைப் புறக்கணித்தது. அப்போது ரிச்சர்ட் வேறு வகையான நேர்கோட்டு ஓட்டப் பந்தயத்தில் இறங்கினார். ஜார்ஜியா மாநிலத்தில் அவரது கார் கூட்டத்துக்குள் பாய, ஒரு சிறுவன் உயிரிழந்தான். வேகத்தின் விலையை ஓட்டுநர் மட்டும் கொடுப்பதில்லை என்பதற்கு அது சான்று.

அன்னையின் விருப்பம்

நம் வாசகர்கள் குறிப்பாக நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பந்தயக் காரின் உடல் முழுவதும் விளம்பரம் ஒட்டப்படுகிறது. அதில் வரும் பணமே குழுவின் உயிர்நாடி. அமெரிக்காவில் பீர் நிறுவனங்கள் இதற்காகப் பெரும் பொருளை வாரி இறைத்தன. ஆனால் பெட்டி குடும்பத்தின் கார்களில் மது விளம்பரம் இடம்பெறவில்லை. ரிச்சர்டின் அன்னை எலிசபெத் அதை விரும்பவில்லை என்பதே காரணம். கள்ளச்சாராயக் கார்களிலிருந்து பிறந்த விளையாட்டில், ஒரு தாயின் சொல்லுக்காக மதுவின் பணத்தை வேண்டாமென்று ஒதுக்கிய வீடு இது. மதுவை அறவே விலக்கிய நமக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் அவர்கள் அப்படி இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1971 முதல் 2003 வரை அச்சாம்பியன் பட்டமே ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. அதில் அவர்களும் போட்டியிட்டனர். எனினும், விலக்க முடிந்த ஒன்றை நெடுங்காலம் விலக்கி நின்றார்கள்.

விரிசல்

1981-இல் ரிச்சர்ட் ஏழாவது முறையாக டேட்டோனா 500-ஐ வென்றார். அதையடுத்து டேல் இன்மன் வேறு குழுவுக்குச் சென்றார். 1984-இல் டெர்ரி லபான்டி என்னும் ஓட்டுநரைச் சாம்பியன் ஆக்கியும் காட்டினார். வீட்டின் தூண்களில் ஒன்று அயல் வீட்டைத் தாங்கிற்று!

1983 அக்டோபரில் சார்லட்டில் ரிச்சர்ட் வென்றார். பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது, 358 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாத எஞ்சின் ஏறத்தாழ 382 இருந்தது. சக்கரங்களும் விதிக்கு மாறாகப் பொருத்தப்பட்டிருந்தன. வெற்றியைப் பறிக்கவில்லையே தவிர, 35,000 டாலர் அபராதமும் 104 புள்ளிகள் குறைப்பும் விதிக்கப்பட்டன. எஞ்சினைக் கட்டியவர் தம்பி மோரிஸ். தமக்கு இது தெரியாது என்றார் ரிச்சர்ட். மகனின் வெற்றியையே கணக்குப் பார்த்துத் திருத்திய தந்தை எங்கே. அளவை மீறிய எஞ்சின் எங்கே! இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்தப் பணிமனை எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

அடுத்த ஆண்டே ரிச்சர்ட் தம் சொந்தக் குழுவை விட்டு மைக் கர்ப் என்பவரின் குழுவில் சேர்ந்தார். 1984 ஜூலை 4 அன்று, அதிபர் ரொனால்ட் ரீகன் பார்த்திருக்க, டேட்டோனாவில் அவர் பெற்ற புகழ்மிக்க 200-ஆவது வெற்றி குடும்பக் குழுவின் கணக்கில் சேரவில்லை. மகன் கைலும் 1985-இல் வேறொரு குழுவுக்குப் போனார். 1986-இல் ரிச்சர்ட் வீடு திரும்பினார். ஆனால் 1992-இல் ஓய்வு பெறும் வரை இன்னொரு வெற்றியை அவர் காணவே இல்லை.

காலம் மாறியது, பணிமனை மாறவில்லை

இதற்குள் தொழிலின் இலக்கணமே மாறிவிட்டது. ஒரே முதலாளி மூன்று நான்கு கார்களை ஓட்டச்செய்து, ஒன்றில் கண்ட நுட்பத்தை மற்றவற்றுக்கும் பயன்படுத்தினார். பொறியியல் பட்டதாரிகளும், காற்றின் போக்கைச் சோதிக்கும் கூடங்களும் வந்தன. திறமை மிக்க தொழிலாளர்கள் சார்லட்டின் சுற்றுப்புறங்களில் குடியேறினர். அங்கிருந்து லெவல் கிராஸுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். பூர்விக மண்ணை விட்டு நகரக் குடும்பத்துக்கு மனமில்லை. 1996, 1997-இல் பாபி ஹாமில்டனும், 1999 ஏப்ரலில் ஜான் ஆண்ட்ரெட்டியும் வெற்றி தேடித் தந்தனர். அந்த 1999 வெற்றியே கடைசி. குழுவின் மொத்த வெற்றிகள் 268 என்ற எண்ணோடு நின்றுவிட்டன.

2000-ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. ஏப்ரல் 2 அன்று கைலின் மகன் ஆடம் தன் முதல் உயர்நிலைப் பந்தயத்தில் ஓட்டினார். நான்காம் தலைமுறையும் களமிறங்கிவிட்டது. மூன்று நாள் கழித்துக் கொள்ளுப்பாட்டனார் லீ காலமானார். அடுத்த மாதம் 12-ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் பயிற்சியின்போது கார் சுவரில் மோதி ஆடமும் உயிர்நீத்தார். வயது பத்தொன்பது! குழுவின் எதிர்காலம் முழுவதையும் அந்த இளைஞர்மீதே ஏற்றி வைத்திருந்தார்கள். தந்தை கைல், மகனின் 45 என்ற எண்ணைத் தாமே தாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டினார். நோயுற்ற குழந்தைகளுக்காக ஒரு முகாம் அமைய வேண்டுமென்பது ஆடமின் விருப்பமாக இருந்தது. 2004-இல் பெற்றோர் அதை விக்டரி ஜங்ஷன் என்ற பெயரில் நிறைவேற்றினர். இக்குடும்பம் எழுப்பியவற்றுள் காலம் கடந்து பயன் தருவது இதுவே எனலாம்.

கைமாறிய வீடு

2008-இல் ஒருவழியாகப் பணிமனை சார்லட் அருகிலுள்ள மூர்ஸ்வில்லுக்கு மாறியது. மிகவும் காலந்தாழ்ந்த மாற்றம் அது. அவ்வாண்டு ஜூனில் பெரும்பான்மைப் பங்கு பாஸ்டன் வென்ச்சர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நெடுநாள் விளம்பரம் தந்த ஜெனரல் மில்ஸ் விலகியது. 2009 ஜனவரியில் குழு ஜார்ஜ் கில்லட்டின் குழுவோடு இணைக்கப்பட்டது. புதிய குழுவுக்கு ரிச்சர்டின் பெயரே சூட்டப்பட்டது. ஆனால் அந்தப் பெயரின் கீழ் ஓடிய கார்களுள் ஒன்று பட்வைசர் பீர் விளம்பரத்தைத் தாங்கியிருந்தது. முன்பே செய்யப்பட்ட ஒப்பந்தம் அது. பெயரைக் கொடுத்தவருக்கு, அப்பெயரின் மேல் எது ஒட்டப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாது போயிற்று.

2010-இல் கில்லட் கடனில் மூழ்க, ரிச்சர்ட் வேறு முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு குழுவை மீட்டார். 2021 இறுதியில் மீண்டும் ஓர் இணைப்பு நடந்தது. 2022 செப்டம்பரில் டார்லிங்டனில் எரிக் ஜோன்ஸ் வென்றபோது, ரிச்சர்டின் 43 என்ற எண்ணுக்கு அது 200-ஆவது வெற்றி. 2023-இல் குழுவின் பெயர் லெகசி மோட்டார் கிளப் என்று மாறியது. 'பெட்டி' என்ற சொல் பலகையிலிருந்து மறைந்தது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

இக்குடும்பத்தின் தளர்ச்சிக்கு ஒரே காரணம் சொல்வது எளிது, ஆனால் உண்மையாகாது. கைவிடக்கூடாததையும் கைவிட வேண்டியதையும் பிரித்தறிவதில்தான் அவர்கள் தடுமாறினர். கணக்கில் நேர்மை, அன்னையின் விருப்பம், உறவினரின் ஒற்றுமை ஆகியன உயிர்போல் காக்க வேண்டியவை. பணிமனை எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை கார் ஓடுகிறது, புதிய நுட்பம் கற்றவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பவை காலத்துக்கேற்ப மாற வேண்டியவை. பின்னதை மாற்றத் தயங்கிய குடும்பம், முன்னதைக் காக்கும் வலிமையையும் இழந்தது.

நம் இல்லங்களிலும் தந்தையார் தொடங்கிய கடைகளும் மண்டிகளும் உண்டு. பெயர்ப்பலகையைத் துடைத்து வைப்பதோடு பிள்ளைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்று பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கூடி அமர்ந்து பேசித் தீர்மானிப்பது நலம். கடை கைமாறிய பிறகு அதைப் பேச நமக்கு இடமிருக்காது.